ஸ்குவாலஸிலிருந்து 33 பேரைக் காப்பாற்றியது ஃபால்கன் கப்பலா, மீட்பு அறையா?

அமெரிக்கக் கடற்படையின் ஃபால்கன் என்ற கப்பலைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1939-இல் மூழ்கிய ஸ்குவாலஸ் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து 33 பேரை அது காப்பாற்றியதாக எங்கும் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஆட்களை மேலே கொண்டுவந்தது மெக்கான் மீட்பு அறை என்னும் எஃகுக் கலம்தான். அப்படியிருக்க, கண்ணிவெடி அகற்றுவதற்காகக் கட்டப்பட்ட ஒரு பழைய கப்பலுக்கு ஏன் இத்தனை பெயர், ஏறத்தாழ 28 ஆண்டுப் பணிக்காலத்தின் மற்ற நாள்களில் அது என்னதான் செய்தது என்பது உங்கள் கேள்வி. மீட்புப் பணி ஒன்று வெற்றி பெறும்போது அதில் கருவிக்கு எவ்வளவு பங்கு, கப்பலுக்கு எவ்வளவு பங்கு என்பதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். நான் கடற்படையில் பணியாற்றியவன் அல்லன். துறைமுகப் பணிகளிலும் மூழ்கிய சரக்குக் கலங்களை எழுப்பும் வேலைகளிலும் முக்குளிப்புக் குழுக்களை மேற்பார்வையிட்டவன். ஆகவே நங்கூரம், வடம், காற்றுக்குழாய் பற்றி இங்கே சொல்வது தொழிலறிவு. நீர்மூழ்கியின் உள்ளமைப்பு பற்றிச் சொல்வது படித்தறிந்தது.

சுருக்கமான பதில் முதலில். மீட்பு அறை இல்லாமல் அந்த 33 பேரும் அவ்வாறு மேலே வந்திருக்க முடியாது. ஆனால் மூழ்கிய கலத்துக்கு நேர் மேலே, நாள் முழுவதும் சில மீட்டர்கூட விலகாமல் நிற்கும் ஒரு கப்பல் இல்லாவிட்டால் அந்த அறையைக் கடலில் இறக்கியே இருக்க முடியாது. அப்படி நிற்பதை ஃபால்கன் ஒரே நாளில் கற்றுக்கொள்ளவில்லை. அதற்கு முன் இரண்டு பெரிய விபத்துகளில் அது பணியாற்றியது. முதலாவதில் காப்பாற்றுவதற்கு உயிரோடு யாரும் இல்லை. இரண்டாவதில் ஆறு பேர் உயிரோடு இருந்தும் காப்பாற்ற முடியவில்லை. 1939-ஐ மட்டும் எடுத்துப் படித்தால் கருவியின் வெற்றியாகத் தெரிவது, 1925-இலிருந்து படித்துவந்தால் வேறுவிதமாகத் தெரியும்.

கப்பலின் பிறப்பே சற்று விசித்திரமானது. ஃபால்கன், லாப்விங் வகுப்பைச் சேர்ந்த கண்ணிவெடி அகற்றும் கப்பல். நியூயார்க்கின் மோரிஸ் ஹைட்ஸ் பகுதியில் கட்டப்பட்டு 1918 செப்டம்பர் 7 அன்று நீரில் இறக்கப்பட்டது. அது பணியில் சேர்க்கப்பட்ட நாள் 1918 நவம்பர் 12. அதாவது முதல் உலகப் போர் ஓய்ந்ததற்கு மறுநாள். போருக்காகக் கட்டப்பட்டு, போர் முடிந்தபின் வேலைக்கு வந்த கப்பல். நீளம் ஏறத்தாழ 57 மீட்டர், எடை ஆயிரம் டன்னுக்குச் சற்றுக் குறைவு, வேகம் மணிக்கு 14 நாட்டிக்கல் மைல் அளவு. அந்த வகுப்புக் கப்பல்களுக்கெல்லாம் பறவைகளின் பெயரே வைக்கப்பட்டது. கண்ணிவெடி வாரும் கனத்த கம்பிகளை இழுத்துச் செல்ல வேண்டியிருந்ததால் அவற்றுக்கு வடம் சுருட்டும் வலுவான சுருளிகளும், இழுவைக்கு ஏற்ற பின்தளமும், கடலின் மோதலைத் தாங்கும் உடற்கட்டும் இருந்தன. வடக்குக் கடலில் போர்க்காலத்தில் இடப்பட்ட கண்ணிவெடிகளை அகற்ற 1919-இல் ஸ்காட்லாந்தின் கிர்க்வாலுக்கு ஃபால்கன் சென்று வந்தது. அதற்குப் பிறகு இலக்குகளை இழுப்பது, பழுதான கலங்களை இழுத்து வருவது எனப் பல வேலைகள். 1920-களின் தொடக்கத்திலேயே கனெக்டிகட்டின் நியூ லண்டன் நீர்மூழ்கித் தளத்தை ஒட்டிய மீட்புப் பணிக்கு அது வந்துவிட்டது. கண்ணிவெடிக்காக வைத்த சுருளியும் தளமும்தான் பின்னாளில் மூழ்கிய கலங்களை எழுப்பப் பயன்பட்டன என்பதால், அந்தப் பழைய அமைப்பைக் குறையாகப் பார்க்க வேண்டியதில்லை.

1925 செப்டம்பர் 25 இரவு, பிளாக் தீவுக்கு அருகே, எஸ்-51 என்ற நீர்மூழ்கியின் மீது சிட்டி ஆஃப் ரோம் என்ற பயணிகள் கப்பல் மோதியது. நீர்மூழ்கியில் இருந்த 36 பேரில் மூவர் மட்டுமே பிழைத்தார்கள். கலம் 132 அடி, அதாவது 40 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. காப்பாற்ற யாரும் இல்லை. கலத்தை எழுப்புவதே வேலை. பின்னாளில் அமெரிக்கக் கடற்படையின் தலைமைக்கு உயர்ந்த எர்னஸ்ட் கிங் அந்தப் பணிக்குப் பொறுப்பாளர். எட்வர்ட் எல்ஸ்பெர்க் அதன் மீட்புப் பொறியாளர். ஃபால்கன் அவர்களுடைய பணித்தளம். இலையுதிர்காலத்தில் தொடங்கிய பணியைக் குளிர்காலம் நிறுத்திவைத்தது. மறு ஆண்டு வசந்தத்தில்தான் தொடர முடிந்தது.

எஸ்-51 பணி ஃபால்கனுக்குக் கற்றுக்கொடுத்தவற்றில் முதன்மையானது நிலைநிறுத்தல். திறந்த கடலில் ஒரே நங்கூரத்தில் நிற்கும் கப்பல் காற்றும் நீரோட்டமும் திரும்பும்போதெல்லாம் அந்த நங்கூரத்தைச் சுற்றி அலையும். கீழே ஒருவர் கனத்த உடையில், மேலிருந்து வரும் காற்றுக்குழாயையும் உயிர்க்கயிற்றையும் நம்பி வேலை செய்துகொண்டிருக்கையில் அப்படி அலைய முடியாது. ஆகவே மூழ்கிய கலத்தைச் சுற்றிப் பல திசைகளில் கனத்த நங்கூரங்களை இட்டு, ஒவ்வொன்றுக்கும் மேலே மிதவை கட்டி, அந்த மிதவைகளுக்குக் கப்பலிலிருந்து வடம் கொடுப்பார்கள். ஒரு பக்கத்து வடத்தைச் சுருட்டி எதிர்ப்பக்கத்து வடத்தைத் தளர்த்தினால் கப்பல் தேவையான அளவு மட்டும் நகரும். கேட்க எளிது; செய்வதற்கு அரைநாள் ஆகும். ஒரு வடம் அறுந்தாலும் அன்றைய முக்குளிப்பு முடிந்தது. நான் பார்த்த கலமீட்புப் பணிகளில் நேரத்தைத் தின்றது பெரும்பாலும் இந்த வேலைதான். நீருக்கடியில் நடந்தது அதற்கு அடுத்ததே.

மேலே எழுப்பும் முறையும் நேரடியானதன்று. பெரிய உருளை வடிவ மிதவைத் தொட்டிகளில் நீரை நிரப்பிக் கலத்தின் இருபுறமும் இறக்கி, கலத்துக்கு அடியே செலுத்திய சங்கிலிகளோடு பிணைத்து, பிறகு காற்றை அடித்து நீரை வெளியேற்றினால் அவை கலத்தைத் தூக்கும். அந்தச் சங்கிலிகளைச் செலுத்துவதற்குக் கலத்துக்கு அடியில் சுரங்கம் தோண்ட வேண்டும். நீர்ப்பீச்சும் குழாய் முன்னே மண்ணைக் கரைக்கும் அதே விசையோடு பிடித்திருப்பவரைப் பின்னே தள்ளும். அதற்காகவே, பின்னோக்கியும் நீரைப் பீச்சித் தள்ளுவிசையைச் சமன்செய்யும் ஒரு குழாய்முனையை எல்ஸ்பெர்க் உருவாக்கினார். 1926 ஜூனில் கலத்தின் முன்பகுதி எதிர்பாராத நேரத்தில் மேலெழும்ப, கடலும் கொந்தளிக்க, அதை மீண்டும் மூழ்கவிட வேண்டியதாயிற்று. ஜூலை 5 அன்றுதான் எஸ்-51 முழுமையாக மேலே வந்தது. நியூயார்க்குக்கு இழுத்து வரும் வழியில் ஈஸ்ட் ஆற்றில் ஒரு பாறையில் தட்டி நின்றதும் இந்தக் கதையில் உண்டு.

இரண்டாவது விபத்துதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1927 டிசம்பர் 17 அன்று, மாசசூசெட்ஸின் பிராவின்ஸ்டவுனுக்கு அப்பால், மேலெழும்பிக்கொண்டிருந்த எஸ்-4 நீர்மூழ்கியின் மீது கடலோரக் காவல்படையின் பால்டிங் மோதியது. 40 பேரோடு அது ஏறத்தாழ 31 மீட்டர் ஆழத்தில் மூழ்கியது. மறுநாள் நியூ லண்டனிலிருந்து ஃபால்கன் வந்து சேர்ந்தது. டாம் ஈடி என்ற முக்குளிப்பாளர் இறங்கிக் கலத்தின் மீது சுத்தியலால் தட்டியபோது, முன்புற டார்பிடோ அறையிலிருந்து பதில் தட்டல் வந்தது. ஆறு பேர் அங்கே உயிரோடு இருந்தார்கள்.

அடுத்து எடுக்கப்பட்ட முடிவைப் பற்றி அன்றிலிருந்து வாதம் நடக்கிறது. காற்றுக்குழாய் முதலில் இணைக்கப்பட்டது, ஆட்கள் இருந்த அறைக்கு அன்று; கலத்தின் மிதவுத் தொட்டிகளுக்கு. தொட்டிகளில் காற்றை அடித்தால் கலமே மேலெழும்பக்கூடும் என்பது அதிகாரிகளின் கணக்கு. அது எழும்பவில்லை. பின்னர் அறைக்குக் காற்றுக் கொடுக்க, கடல் கொந்தளிக்கும் இரவில் ஃபிரெட் மைக்கேல்ஸ் இறங்கினார். அவருடைய குழாய்கள் சிதைந்த இரும்பில் சிக்கிக்கொண்டன. ஓய்வெடுத்துக்கொண்டிருந்த ஈடி மீண்டும் இறங்கி, நீண்ட நேரம் போராடி அவரை விடுவித்தார். அதற்காக அவருக்கு அந்நாட்டின் உயர்ந்த வீரப் பதக்கம் வழங்கப்பட்டது. புயலில் ஃபால்கன் அந்த இடத்தில் நிற்க முடியாமல் விலகியது. டிசம்பர் 20 வரை கேட்ட தட்டல் ஒலி பிறகு கேட்கவில்லை.

இதில் உறுதியானது என்ன, ஐயத்துக்குரியது என்ன என்று பிரித்துச் சொல்ல வேண்டும். காற்று தொட்டிகளுக்கு முதலில் போனதும், வானிலை பணியை நிறுத்தியதும், ஆட்களை வெளியே கொண்டுவரும் கருவி எதுவும் அன்று கையில் இல்லை என்பதும் உறுதி. அறைக்கு முதலிலேயே காற்று கொடுத்திருந்தால் அந்த ஆறு பேர் பிழைத்திருப்பார்களா என்பது ஐயம். சில நாள்கள் கூடுதலாக மூச்சுவிட்டிருப்பார்கள் என்று நான் கருதுகிறேன்; ஆனால் அவர்களை வெளியே எடுக்க வழி இல்லாதபோது, கலம் முழுவதையும் எழுப்புவது ஒன்றே மிச்சமிருந்தது. எஸ்-4 மேலே வந்த நாள் 1928 மார்ச் 17. மூன்று மாதம் தாக்குப்பிடிக்க எந்தக் காற்றுக்குழாயும் போதாது. முடிவெடுத்த அதிகாரிகளைக் குறை கூறும் கட்டுரைகள் இந்த நாள்கணக்கை ஏனோ தவிர்த்துவிடுகின்றன.

மீட்பு அறை உருவானதற்கு இந்த இரண்டு விபத்துகளுமே காரணம். எஸ்-51 மூழ்கியபோது அதைத் தேடிச் சென்ற நீர்மூழ்கி ஒன்றின் தலைவர் சார்லஸ் மாம்சன். மூழ்கிய கலத்தின் வாயில் மீது பொருந்தி உட்காரும் மணி வடிவ அறை ஒன்றை அவர் அப்போதே முன்மொழிந்தார். அது கோப்புகளுக்குள் முடங்கியது. எஸ்-4-க்குப் பிறகு நிலைமை மாறியது. மேலே எழுப்பப்பட்ட எஸ்-4 கலமே சோதனைக் களமாக ஆக்கப்பட்டது. தனிமனிதர் அணிந்து வெளியேறும் மாம்சன் சுவாசக் கருவி அதில் சோதிக்கப்பட்டது. மீட்பு அறையை இறுதி வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் ஆலன் மெக்கான் என்பதால் அவர் பெயர் நிலைத்தது. புதிய நீர்மூழ்கிகளில் அந்த அறை உட்காருவதற்கேற்ற வாயில் வளையமும், தொலைபேசியோடு கூடிய அடையாள மிதவையும் வைக்கப்பட்டன. ஃபால்கனும் நீர்மூழ்கி மீட்புக் கப்பல் என மறுவகைப்படுத்தப்பட்டு ஏஎஸ்ஆர்-2 என்ற எண்ணைப் பெற்றது. ஓர் அறை அதன் தளத்திலேயே இருந்தது.

1939 மே 23 காலை, நியூ ஹாம்ப்ஷயர் கரைக்கு அப்பால் ஐல்ஸ் ஆஃப் ஷோல்ஸ் தீவுகளுக்கு அருகே, புத்தம் புதிய ஸ்குவாலஸ் சோதனை மூழ்கலின்போது 243 அடி, அதாவது 74 மீட்டர் ஆழத்தில் தரைதட்டியது. இயந்திரங்களுக்குக் காற்று கொண்டுசெல்லும் பெரிய வால்வு வழியாகக் கடல் உள்ளே புகுந்து பின்பகுதி முழுவதையும் நிரப்பியது. 59 பேரில் 26 பேர் இறந்தார்கள். வால்வு மூடியிருப்பதாகவே விளக்குப் பலகை காட்டியது என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். இயந்திரக் கோளாறு என்று விசாரணை மன்றம் முடிவு செய்தது. மூடியதாகக் காட்டிய வால்வு எப்படித் திறந்திருந்தது என்பதற்கு எல்லோரும் ஏற்கும் விளக்கம் இன்றுவரை இல்லை.

அதே வகுப்பைச் சேர்ந்த ஸ்கல்பின் நீர்மூழ்கி அன்று நண்பகல் கடந்ததும் அடையாள மிதவையைக் கண்டு தொலைபேசியில் பேசியது. சற்று நேரத்தில் மிதவையின் கம்பி அறுந்தது. பெனகுக் என்ற இழுவைக் கப்பல் கொக்கியை இழுத்துத் தேடிக் கலத்தைப் பற்றிக்கொண்டது. ஃபால்கன் மறுநாள் விடியற்காலை வந்தது. வந்தவுடன் அறையை இறக்கிவிடவில்லை. நங்கூரங்களை இட்டு, கலத்துக்கு நேர் மேலே நிலைகொள்ளவே காலைப் பொழுதில் பல மணி நேரம் போயிற்று. பத்து மணி கடந்த பிறகே மார்ட்டின் சிபிட்ஸ்கி என்ற முக்குளிப்பாளர் இறங்கினார். முன்புற வாயிலின் அருகிலேயே கால் ஊன்றி, மீட்பு அறையைக் கீழே இழுக்க உதவும் கீழ்வடத்தை அதில் மாட்டினார். கப்பல் சரியான இடத்தில் நின்றதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

அறை வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் கப்பலின் பங்கு விளங்கும். அது ஏறத்தாழ 9 டன் எடையுள்ள, மேல், கீழ் என இரண்டு பகுதிகள் கொண்ட எஃகுக் கலம். இயல்பில் மிதக்கும் தன்மை உடையது. தனக்குள் உள்ள சுருளியால் கீழ்வடத்தைச் சுருட்டித் தன்னைத் தானே கீழே இழுத்துக்கொள்ளும். ஆகவே சுருளி கெட்டாலும், வடத்திலிருந்து விடுபட்டால் மேலே வந்துவிடும். வாயில் வளையத்தில் உட்கார்ந்ததும் கீழ்ப்பகுதியின் நீரை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைத்தால், வெளிக்கடல் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 75 டன் விசையோடு அதை வளையத்தின் மேல் அழுத்திப் பிடிக்கும். ரப்பர் வளையம் கசிவைத் தடுக்கும். இத்தனைக்கும் தேவையான காற்று, வெளியேறும் காற்றுக்கான குழாய், தொலைபேசிக் கம்பி, மேல்வடம் எல்லாம் கப்பலிலிருந்து போகின்றன. கப்பல் பக்கவாட்டில் ஓரளவு விலகினாலே இவை இறுகிவிடும். அறைக்கு வெற்றியும் தோல்வியும் மேல்தளத்திலேயே பெரிதும் முடிவாகின்றன.

முதல் முறை 7 பேர், அடுத்து 9, மீண்டும் 9. நான்காம் முறை 8 பேரோடு மேலே வரும்போது பாதி வழியில் கீழ்வடம் சுருளியில் சிக்கியது. மேல்வடமும் இழை இழையாகப் பிரியத் தொடங்கியது. அறையை மீண்டும் அடியில் இறக்கி, முக்குளிப்பாளர்கள் கீழ்வடத்தைத் துண்டித்தார்கள். புதிய வடம் மாட்டும் முயற்சி பலிக்கவில்லை. முடிவில், அங்கே முக்குளிப்புப் பணிக்குப் பொறுப்பாக இருந்த மாம்சனின் உத்தரவுப்படி அறையின் நீரைச் சிறிது சிறிதாக வெளியேற்றி, ஏறத்தாழ எடையற்ற நிலைக்குக் கொண்டுவந்து, ஃபால்கனின் தளத்தில் நின்ற மாலுமிகள் பிரிந்துபோன அந்த வடத்தைக் கையாலேயே இழுத்தார்கள். சுருளி இழுத்திருந்தால் அது அறுந்திருக்கும். கை, இழுவையின் கனத்தை உணரும். மே 25 நள்ளிரவுக்குச் சற்றுப் பின் அறை மேலே வந்தது. அன்றே பின்புற வாயிலுக்கு ஐந்தாம் முறையாக இறங்கி, அங்கே எல்லாம் நீர் நிரம்பியிருப்பதை உறுதி செய்துகொண்டார்கள். வில்லியம் பேடர்ஸ், ஆர்சன் கிராண்டால், ஜேம்ஸ் மெக்டொனால்ட், ஜான் மிகலாவ்ஸ்கி ஆகிய நால்வருக்கு உயர் வீரப் பதக்கம் கிடைத்தது.

நீங்கள் படித்த சில இடங்களில் மூழ்கிய நீர்மூழ்கியிலிருந்து ஆட்களைக் காப்பாற்றிய முதல் நிகழ்வு இதுவே என்று இருந்தால், அது சரியன்று. 1917-இல் ஸ்காட்லாந்தின் கேர்லாக்கில் மூழ்கிய பிரிட்டனின் கே-13 நீர்மூழ்கியின் முன்முனையைத் தூக்கித் துளையிட்டு நாற்பதுக்கும் மேற்பட்டோரை வெளியே எடுத்திருக்கிறார்கள். ஸ்குவாலஸின் சிறப்பு, அத்தனை ஆழத்திலிருந்து, மீட்பு அறையைக் கொண்டு செய்யப்பட்டது என்பதே. வானிலையின் பங்கையும் மறைக்கக் கூடாது. அன்று கடல் அமைதியாக இருந்தது. கலம் பெருமளவு சாயாமல் கிடந்தது. உயிரோடிருந்தவர்கள் வாயில் உள்ள பகுதியில் இருந்தார்கள். எஸ்-4 நாளின் கடல் 1939-இல் இருந்திருந்தால் அதே கப்பலும் அதே அறையும் என்ன செய்திருக்கும் என்பதை உறுதியாகச் சொல்லும் துணிவு எனக்கில்லை. 1953-இல் டார்டனெல்ஸ் நீரிணையில் துருக்கியின் டும்லுபினார் மூழ்கியபோது, பின்பகுதியில் இருந்த 22 பேரோடு தொலைபேசியில் பேசக்கூட முடிந்தது. குர்தாரன் என்ற மீட்புக் கப்பல் அங்கே இருந்தது. ஆனால் கடும் நீரோட்டத்தில் அறையைக் கலத்தோடு சேர்க்க முடியவில்லை. 81 பேர் இறந்தார்கள்.

மீட்புக்குப் பிறகு ஃபால்கன் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. ஸ்குவாலஸை எழுப்பும் வேலை செப்டம்பர் வரை நீண்டது. உயிர்மீட்பையும் சேர்த்து 600-க்கும் மேற்பட்ட முக்குளிப்புகள் நடந்தன. 74 மீட்டரில் சாதாரணக் காற்றைச் சுவாசிப்பவருக்கு நைட்ரஜன் மயக்கம் ஏற்படும். கையில் பிடித்திருக்கும் கருவி எதற்கு என்பதே மறக்கும். அதனால் ஹீலியமும் ஆக்சிஜனும் கலந்த வாயு, சோதனைக்கூடத்துக்கு வெளியே பெரிய அளவில் முதன்முறையாக இங்கே பயன்படுத்தப்பட்டது. ஆழ்கடல் முக்குளிப்புத் தொழிலில் இருப்பவர்களுக்கு, 33 பேர் பிழைத்ததற்கு அடுத்தபடியாக, ஃபால்கனின் பணி வரலாற்றில் நினைவில் நிற்க வேண்டியது இதுதான் என்பேன். ஜூலை 13 அன்று நடந்த முயற்சியில் முன்முனை பிணைப்புகளை உதறிக்கொண்டு நீருக்கு மேலே செங்குத்தாகப் பாய்ந்து மீண்டும் அடியில் போய் விழுந்தது. செப்டம்பர் 13 அன்று கலம் போர்ட்ஸ்மவுத் கப்பல்தளத்தைச் சேர்ந்தது. செயில்ஃபிஷ் என்ற புதிய பெயரோடு அது போரில் பணியாற்றியது தனிக் கதை.

அதன் பின்னான ஆண்டுகளை விரைவாகச் சொல்லிவிடலாம், ஒன்றைத் தவிர. 1941 ஜூன் 20 அன்று, அதே ஐல்ஸ் ஆஃப் ஷோல்ஸ் பகுதியில், ஓ-9 என்ற பழைய நீர்மூழ்கி சோதனை மூழ்கலிலிருந்து திரும்பவில்லை. 33 பேர் உள்ளே இருந்தார்கள். கலம் 440 அடி, அதாவது 134 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. அதன் உடற்கட்டு தாங்கக்கூடிய எல்லைக்கு வெகு கீழே. ஃபால்கன் வந்தது, முக்குளிப்பாளர்கள் அந்த ஆழத்துக்கும் இறங்கினார்கள், ஆனால் மிகச் சிறிது நேரத்துக்கு மேல் அங்கே இருக்க முடியவில்லை. ஜூன் 22-இல் பணி கைவிடப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வென்ற கப்பல், அறை, முறை எல்லாம் இருந்தும், ஆழம் கலத்தை நசுக்கிவிட்ட பிறகு எதற்கும் வேலையில்லை. போர்க்காலம் முழுவதும் ஃபால்கன் பெரும்பாலும் நியூ இங்கிலாந்துக் கரையோரத்திலேயே பயிற்சி, இழுவை, மீட்பு ஆகிய வேலைகளில் இருந்தது. 1946 ஜூன் 18 அன்று பணியிலிருந்து நீக்கப்பட்டது.

ஆகவே உங்கள் கேள்விக்கு, கப்பல் வெறும் ஊர்தி என்று எழுதுவது தவறு என்பது என் பதில். கப்பலே காப்பாற்றியது என்று எழுதுவதும் தவறு. ஃபால்கனின் ஆவணங்களைத் தேடிப் படிக்கப் போகிறீர்கள் என்றால், 1939 மே மாதத்துப் பக்கங்களை முதலில் திறக்காதீர்கள். எஸ்-51, எஸ்-4 பணிகளில் நங்கூரம் இட்ட நேரம், வடம் அறுந்த நாள், வானிலையால் முக்குளிப்பு நின்ற நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, பிறகு மே 24 காலைப் பொழுதை அவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.